பாட்டு ஊரெல்லாம் கேட்குது. காசு யார் கைக்குப் போகுது?

(மூன்றாம் ஆண்டு, மின்னணு மற்றும் தொடர்பியல் துறை)



பாட்டுக் கேட்காத மாணவர் நம் கல்லூரியில் உண்டா? வொர்க்‌ஷாப்பில் அரம் பிடித்துத் தேய்க்கும்போது முணுமுணுப்பவர் உண்டு. காதில் இயர்போனை மாட்டினால்தான் படிப்பே ஏறும் என்று சத்தியம் செய்பவரும் உண்டு. கேட்பவர்கள் மட்டுமா? சொந்தமாக வரி எழுதி, சொந்தமாக மெட்டுப் போட்டு, பெஞ்சில் தாளம் தட்டியே கச்சேரி நடத்துகிறவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். கல்ச்சுரல் மேடையில் கைதட்டல் வாங்கிவிட்டுக் கீழே இறங்கியதும் அவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "மச்சி, இதை நெட்டுல போட்டா காசு வருமாடா?"

அந்தக் கேள்விக்கு என்னால் முடிந்த அளவு பதில் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்பவர்கள் கிடைப்பார்கள், அது முன்னைவிட எளிது. காசும் வரும், ஆனால் பாட்டு எத்தனை தடவை ஓடியது என்ற எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வராது. நம்மை நேராகத் தேடி வருகிற சிலரிடமிருந்து வரும். அதுவும் பாட்டின் உரிமை யார் பெயரில் இருக்கிறதோ அவர் கைக்குத்தான் வரும். எப்படி என்பதைக் கீழே பார்ப்போம்.

பாட்டு போகும் பாதை

படக் கம்பெனியோ பெரிய இசை நிறுவனமோ பின்னால் இல்லாமல், தானே பாடிப் பதிவு செய்து வெளியிடுபவரைச் சுயாதீன இசைக் கலைஞர் என்கிறோம். கேசட் காலத்தில் இப்படி ஒருவர் ஆல்பம் போடுவது லேசுப்பட்ட காரியமா? ஸ்டுடியோ வாடகை, டேப் காப்பி எடுக்கும் செலவு, அட்டை அச்சடிக்கும் செலவு, அதற்கப்புறம் கடை கடையாக ஏறி இறங்குவது. அதில் பாதியிலேயே ஆள் ஓய்ந்து போவார்.

இணையம் முதலில் மாற்றியது கடையைத்தான். 1998இல் அமெரிக்காவில் டெரெக் சிவர்ஸ் என்ற இசைக் கலைஞர் தன் சிடியைத் தானே இணையத்தில் விற்க ஏற்பாடு செய்தார். "எங்களுடையதையும் சேர்த்து விற்றுக் கொடேன்" என்று நண்பர்கள் கேட்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் சிடி பேபி என்ற கடை. இன்று சிடியும் வேண்டாம். ஒரு லேப்டாப், ஒரு மைக், சத்தம் வராத ஒரு அறை போதும்.

பதிவான பாட்டை யூடியூபில் நாமே ஏற்றலாம். ஸ்பாட்டிஃபை போன்ற ஸ்ட்ரீமிங் கடைகளுக்கு அப்படி நேரே போக முடியாது. நடுவில் ஒரு விநியோகஸ்தர் வேண்டும். சினிமாவுக்கு இருப்பது போலத்தான்! டிஸ்ட்ரோகிட், டியூன்கோர், சிடி பேபி முதலியவை அந்த வேலையைச் செய்கின்றன. சில நிறுவனங்கள் வருஷச் சந்தா வாங்கும். சில வருமானத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும்.

பாட்டு இப்படிப் போகும்போது அதற்கு ஒரு எண் தருவார்கள். அதன் பெயர் ஐ.எஸ்.ஆர்.சி. எழுத்தும் இலக்கமுமாகச் சேர்த்து மொத்தம் பன்னிரண்டு. நம்ம ரிஜிஸ்டர் நம்பர் மாதிரிதான். தேர்வுத் தாளில் பெயர் எழுதாவிட்டாலும் ரிஜிஸ்டர் நம்பரை வைத்து மார்க் சரியாக நம்மிடம் வந்து சேருகிறதல்லவா? அதுபோலவே, உலகத்தில் எந்த மூலையில் அந்தப் பதிவு ஓடினாலும் இந்த எண்ணை வைத்துத்தான் கணக்கு எழுதப்படுகிறது. ஆகவே அதைக் குறித்து வைத்துக்கொள்வது மிக அவசியம்.

வாசல் திறந்ததால் கூட்டமும் வந்துவிட்டது. தினமும் 60,000க்கும் மேற்பட்ட பாட்டுகள் புதிதாக வந்து சேருகின்றன என்று 2021இல் ஸ்பாட்டிஃபை நிறுவனமே சொன்னது. ஒரு நாளைக்கு அத்தனை! அந்தக் கூட்டத்தில் நம் பாட்டை யார் கண்டுபிடிப்பார்? கடையில் பொருள் வைத்துவிட்டால் மட்டும் வியாபாரம் நடந்துவிடுமா? இதை மனதில் வைத்துக்கொண்டு காசுக் கணக்குக்கு வருவோம்.

டிவைடிங் மெஸ்ஸும் ஸ்ட்ரீமிங் கணக்கும்

"ஒரு தடவை ஓடினா எவ்ளோ தருவாங்க?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். பலருக்கும் புரியாத இடம் இதுதான். ஒரு ஓட்டத்துக்கு இவ்வளவு என்று நிலையான விலை எதுவும் கிடையாது!

ஹாஸ்டலில் இருப்பவர்களுக்கு டிவைடிங் மெஸ் தெரியும். மாதம் முழுக்க ஆன செலவைச் சாப்பிட்ட நாட்களால் வகுத்து, ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கடைசியில்தான் பில் போடுவார்கள். ஸ்ட்ரீமிங் கணக்கு அதே சூத்திரம்தான். அங்கே செலவை வகுக்கிறார்கள், இங்கே வரவை வகுக்கிறார்கள். சந்தா, விளம்பரம் என்று வந்த பணத்தில் நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். மீதி, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, உரிமையாளர்களுக்கு என்று ஒரே குவியலாகச் சேரும். அந்தக் குவியலை மொத்த ஓட்டங்களின் விகிதப்படி பிரிக்கிறார்கள்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போமா? எண்கள் எல்லாம் நானாக வைத்துக்கொண்டவை. மூன்று பேர் ஆளுக்கு ரூ.100 சந்தா கட்டுகிறார்கள். மொத்தம் ரூ.300. நிறுவனம் ரூ.90 எடுத்துக்கொண்டால் மீதி ரூ.210. முதல் ஆள் சினிமாப் பாட்டை நாள் முழுக்க ஓடவிடுபவர்: 800 தடவை. இரண்டாமவர் 190 தடவை. மூன்றாவது ஆள், நமக்குத் தெரிந்த ஒரு சுயாதீனக் கலைஞரின் பாட்டை மட்டும் 10 தடவை கேட்டார். மொத்த ஓட்டம் 1,000. ரூ.210ஐ ஆயிரத்தால் வகுத்தால் ஒரு ஓட்டத்துக்கு 21 பைசா. அந்தக் கலைஞருக்குப் போவது ரூ.2.10!

கவனியுங்கள். மூன்றாவது ஆள் கட்டிய நூறு ரூபாயில் நிறுவனப் பங்கு போக மீதி 70 ரூபாய். அவர் கேட்டது ஒரே ஒரு கலைஞரைத்தான். ஆனாலும் அந்த 70 ரூபாயில் பெரும்பகுதி, அவர் காதால்கூடக் கேட்காத பாட்டுகளுக்குப் போய்விட்டது. யாரும் திருடவில்லை, வகுத்தல் முறையே அப்படி. ஒவ்வொருவர் பணமும் அவரவர் கேட்ட கலைஞருக்கே போகட்டும் என்று வேறு ஒரு முறையும் இருக்கிறது. சவுண்ட்கிளவுட் நிறுவனம் 2021இல் அதைச் சுயாதீனக் கலைஞர்களுக்குக் கொண்டு வந்தது. அந்த முறையில் நம் கணக்கின் கலைஞருக்கு 70 ரூபாயும் கிடைத்திருக்கும்.

இன்னும் இரண்டு விதிகளைச் சொல்லிவிடுகிறேன். ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 30 வினாடியாவது ஓடினால்தான் அது ஒரு ஓட்டமாகக் கணக்கில் ஏறும். அடுத்தது, 2024 முதல், கடந்த 12 மாதத்தில் 1,000 ஓட்டமாவது ஓடாத பாட்டுக்குப் பதிவுப் பங்கு கிடையாது. அரியர் விழுந்த மாதிரிதான்!

சத்தமே இல்லாத ஆல்பம்

மேற்படி 30 வினாடி விதியை வைத்து ஒரு குழு செய்த வேலையைக் கேட்டால் சிரிப்பீர்கள்.

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இசை படித்த பையன்கள் சேர்ந்து 2011இல் ஆரம்பித்த குழு வல்ஃப்பெக். தலைவர் ஜாக் ஸ்ட்ராட்டன். ஒரே அறையில் எல்லோரும் உட்கார்ந்து வாசிப்பதை வீடியோ எடுத்து யூடியூபில் போடுவார்கள். 2014 மார்ச்சில் இவர்கள் ஸ்பாட்டிஃபையில் ஒரு ஆல்பம் வெளியிட்டார்கள். பெயர் 'ஸ்லீப்பிஃபை'. அதில் பத்துப் பாட்டு. ஒவ்வொன்றும் 30 வினாடியைச் சற்றே தாண்டும். பத்திலும் ஒரு சத்தமும் கிடையாது! வெறும் மௌனம். ரசிகர்களிடம் அவர்கள் கேட்டது இவ்வளவுதான்: "ராத்திரி தூங்கும்போது இதைத் திரும்பத் திரும்ப ஓட விடுங்கள். வருகிற பணத்தில் ஊர் ஊராக வந்து டிக்கெட் இல்லாமல் வாசிக்கிறோம்."

கணக்கு போடுவோம். எட்டு மணி நேரத் தூக்கம் என்றால் 28,800 வினாடி. ஒரு பாட்டு 32 வினாடி என்று வைத்தால் ஒரு ராத்திரியில் 900 ஓட்டம். ஒரு ஓட்டத்துக்கு அரை சென்ட் என்று வைத்தால் நாலரை டாலர். தூங்குகிறவர் தூங்கிக்கொண்டே கலைஞருக்கு நாலரை டாலர் சம்பாதித்துக் கொடுக்கிறார்! ஏப்ரல் மாதம் ஸ்பாட்டிஃபை அந்த ஆல்பத்தை எடுத்துவிட்டது. அதற்குள் ஏறத்தாழ 20,000 டாலர் சேர்ந்துவிட்டது. சொன்ன சொல் தவறாமல் அந்த ஆண்டே இலவசக் கச்சேரிப் பயணமும் போனார்கள்.

இந்தக் கதையைச் சொல்லிவிட்டு "என்ன மூளை பாரு" என்று முடித்துவிடுவார்கள். தோழர்களே, நான் பார்ப்பது வேறு. அரை சென்ட் வீதம் 20,000 டாலர் சேர 40 லட்சம் ஓட்டம் வேண்டும். பாட்டை ரசித்துக் கேட்பவர் ஆளுக்கு 20 தடவை கேட்பதாக வைத்தால் இரண்டு லட்சம் பேர் வேண்டும். மௌன ஆல்பத்துக்கோ, 500 பேர் ஒன்பது ராத்திரி தூங்கினால் போதும்! அதாவது, போகிற போக்கில் கேட்கும் லட்சம் பேர் செய்வதை, "நம்ம பசங்க" என்று நினைக்கும் சில நூறு பேர் செய்துவிட முடியும். அந்த மாதிரி ஆட்களைச் சம்பாதித்து வைத்திருந்ததுதான் அவர்களுடைய உண்மையான முதல்.

பிறகு நடந்ததும் அதையே காட்டுகிறது. தங்கள் பதிவுகளை வேறு எவரிடமும் கொடுக்காமல் வல்ஃப் ரெக்கார்ட்ஸ் என்று சொந்தப் பெயரிலேயே வெளியிட்டார்கள். ஆல்பம் போடும் முன்பே கிக்ஸ்டார்ட்டர் வழியாக ரசிகர்களிடம் முன்பணம் திரட்டினார்கள். 2019 செப்டம்பரில், பெரிய நிறுவனம் எதுவும் பின்னால் இல்லாமலே, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கத்தில் எல்லா டிக்கெட்டும் விற்றுத் தீர்ந்து வாசித்தார்கள். 2020இல் ஒரு ஆல்பத்தின் பத்தாவது பாட்டுக்கான இடத்தை ஏலம் விட்டார்கள். எர்த்குவேக் லைட்ஸ் என்ற இன்னொரு குழு 70,100 டாலருக்கு அந்த இடத்தை எடுத்துத் தங்கள் பாட்டைப் போட்டது. ஒரு பாட்டின் இடத்துக்கு அவ்வளவு விலை என்றால், அதன் மறுபக்கம் காத்திருக்கும் ரசிகர் கூட்டத்துக்குத்தான் அந்த விலை!

கச்சேரி போனால் காசு கொட்டுமா?

"ஸ்ட்ரீமிங்கில் வராவிட்டால் என்ன? ஊர் ஊராகக் கச்சேரி போனால் அள்ளலாம்" என்று ஒரு நம்பிக்கை உண்டு. அதையும் கொஞ்சம் சோதித்துப் பார்ப்போம். கலிபோர்னியாவைச் சேர்ந்த பாம்ப்லமூஸ் என்ற இருவர் குழு (ஜாக் கான்டே, நேட்டலி டான்) யூடியூபால் புகழ் பெற்றது. 2014இல் 28 நாள் சுற்றுப் பயணம் போய் வந்து, வரவு செலவைப் பைசா விடாமல் வெளியிட்டார்கள். நல்ல மனசு!

டிக்கெட் வரவு 97,519 டாலர். பனியன் முதலிய பொருள் விற்பனை 29,714 டாலர். ஒரு நிறுவனத்தின் விளம்பர உதவி 8,750 டாலர். ஆக மொத்த வரவு 1,35,983 டாலர். செலவு? உடன் வாசித்தவர்கள் மற்றும் உதவியாளர்கள் சம்பளம், ஓட்டல், பெட்ரோல், லைட் வாடகை, இன்சூரன்ஸ், கமிஷன் எல்லாம் சேர்த்து 1,47,802 டாலர். நஷ்டம் 11,819 டாலர்! அரங்கம் நிறைந்தும் கைப்பணம் போயிற்று.

ஆனால் அவர்கள் வேறொரு வழியும் வைத்திருந்தார்கள். ஜாக் கான்டே 2013இல் பேட்ரியான் என்ற ஏற்பாட்டை ஆரம்பித்தவர்களில் ஒருவர். ரசிகர் தனக்குப் பிடித்த கலைஞருக்கு மாதா மாதம் ஒரு சிறு தொகை தருவதாக ஒப்புக்கொள்கிறார். சீட்டுக் கட்டுவது போல மாதம் தவறாமல் வரும் என்பதால் வீட்டு வாடகைக்கு நம்பலாம்.

நேராக வருகிற காசு

இதேபோல் நேராக விற்க உதவுவது பேண்ட்கேம்ப். 2008 முதல் நடக்கிறது. டிஜிட்டல் ஆல்பம் விற்றால் 15 சதவீதம் எடுத்துக்கொண்டு மீதியைத் தருகிறது. பணம் கைமாறும் கட்டணம் தனி. விலையை வைப்பது கலைஞர்தான். ரசிகர் விரும்பினால் கூடவும் கொடுக்கலாம். கொரோனா காலத்தில் கச்சேரிகள் நின்று கலைஞர்கள் தவித்தபோது, 2020 மார்ச் 20 வெள்ளிக்கிழமையன்று தன் பங்கை விட்டுக்கொடுத்தது. அந்த ஒரே நாளில் ரசிகர்கள் 43 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். கேட்பவர்களுக்குக் கொடுக்க மனசு இருக்கிறது, கொடுக்க வழி தெரிந்தால் போதும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கெவின் கெல்லி என்ற அமெரிக்க எழுத்தாளர் 2008இல் ஒரு கணக்கைச் சொன்னார். ஒரு கலைஞருக்கு லட்சோப லட்சம் ரசிகர்கள் வேண்டாம். அவர் எது செய்தாலும் வாங்கும் உண்மை ரசிகர்கள் ஆயிரம் பேர் போதும். ஆளுக்கு ஆண்டுக்கு 100 டாலர் என்றால் ஒரு லட்சம் டாலர் என்றார். கேட்க இனிப்பாக இருக்கிறது. ஆனால் நம்ம ஊர்க் கணக்கில் போட்டுப் பாருங்கள். ஆயிரம் பேர் ஆளுக்கு ஆண்டுக்கு ரூ.100 தருகிறார்கள்; மொத்தம் ஒரு லட்சம். குழுவில் நாலு பேர் என்றால் ஆளுக்கு ரூ.25,000. பன்னிரண்டு மாதத்தால் வகுத்தால் மாதம் ரூ.2,083. பஸ் செலவுக்கும் டீ செலவுக்கும் சரியாகப் போய்விடும்!

ஆகவே ஒரே வழியை நம்பி இறங்க முடியாது என்பதே உண்மை. கச்சேரியில் கொஞ்சம், ஸ்ட்ரீமிங்கில் கொஞ்சம், நேர் விற்பனையில் கொஞ்சம், பிள்ளைகளுக்கு வாத்தியம் சொல்லிக் கொடுத்துக் கொஞ்சம், குறும்படத்துக்கு இசை போட்டுக் கொஞ்சம் என்று பல ஓடைகள் சேர்ந்தால்தான் ஒரு குடும்பம் நடக்கும். டிப்ளமோவை முடித்து ஒரு வேலையைக் கையில் வைத்துக்கொண்டு பாடுவது தோல்வி ஆகாது நண்பர்களே. அடுத்த ஆல்பத்துக்கு முதல் போடுபவர் அந்த வேலைதான்.

ஒரு பாட்டு, மூன்று சொத்து

இப்போது எனக்கு மிகவும் நெருக்கமான விஷயத்துக்கு வருகிறேன்.

என் அப்பா பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிப்பவர். கல்யாணம், கோயில் விசேஷம், சாவு எல்லாவற்றுக்கும் போவார். செட்டுக்கு மொத்தமாக ஒரு தொகை பேசி, அட்வான்ஸ் வாங்கி, முடிந்ததும் ஆளுக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்வார்கள். சாமி புறப்பாட்டுக்கென்று அப்பா தானே கட்டிய மெட்டு ஒன்று உண்டு. எங்கள் பக்கத்தில் அது பிரபலம். ஒரு திருவிழாவில் அதை யாரோ வீடியோ எடுத்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். நான் பார்த்தபோது மூன்று லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். கீழே "சூப்பர்", "புல்லரிக்குது" என்று நூற்றுக்கணக்கில் எழுதியிருந்தார்கள். செட்டின் பெயரை எங்கேயும் காணோம். போனை அப்பாவிடம் காட்டினேன். சந்தோஷமாகப் பார்த்தார். காசைப் பற்றிக் கேட்டதற்கு, "காத்துல போற சத்தத்துக்கு யாருப்பா காசு தருவா?" என்று சிரித்துவிட்டு, கிளாரினெட்டைத் துடைக்கப் போய்விட்டார்.

அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது! இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957. அதன்படி ஒரு பாட்டு என்பது ஒரே சொத்து அல்ல. வரிகள் ஒரு சொத்து, எழுதியவருடையது. மெட்டு ஒரு சொத்து; இசையமைத்தவருடையது. பதிவு, அதாவது அந்த ஆடியோ, இன்னொரு சொத்து, பதிவைத் தயாரித்தவருடையது. வரிக்கும் மெட்டுக்கும் ஆக்கியவர் ஆயுள் முழுதும், அதன்பின் 60 ஆண்டும் உரிமை உண்டு. பதிவுக்கு வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு. இது போக, மேடையில் வாசிப்பவருக்கும் பாடுபவருக்கும் நிகழ்த்துநர் உரிமை என்று தனியாக 50 ஆண்டு உண்டு. அவர்கள் வாசிப்பதைப் பதிவு செய்து வியாபாரம் பண்ண அவர்கள் சம்மதம் வேண்டும்.

மூன்று லட்சம் பேர் பார்த்த அந்த வீடியோவில் மெட்டு அப்பாவுடையது, வாசிப்பு செட்டுக்காரர்களுடையது. காகிதம் மட்டும் அவர்களிடம் எதுவும் இல்லை. காற்றில் போகிற சத்தத்துக்கு யார் வேண்டுமானாலும் உரிமையாளராகி விடுவது இப்படித்தான்.

எங்கள் செட்டு சின்னது. பெரிய இடத்திலும் இதே சிக்கல் உண்டு. 2021 மார்ச்சில் வெளிவந்த 'எஞ்சாய் எஞ்சாமி' பாடலை அறியாதவர் உண்டா? சந்தோஷ் நாராயணன் இசை, அறிவு எழுத்து, தீயும் அறிவும் பாடியது. சினிமாவில் வராத பாட்டு, உலகமெல்லாம் கோடிக்கணக்கில் ஓடியது. மூன்று ஆண்டு கழித்து 2024 மார்ச்சில், அந்தப் பாட்டிலிருந்து அதுநாள் வரை தங்களுக்கு வருமானம் எதுவும் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். அதில் யார் சரி, யார் தப்பு என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் ஓட்டம் கோடியாக இருந்தாலும் பணம் தானாக நடந்து வந்து கையில் ஏறாது என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

சட்டம் கலைஞர் பக்கம் சில பாதுகாப்புகளை வைத்திருக்கிறது. உரிமையை இன்னொருவருக்கு எழுதிக் கொடுப்பது எழுத்திலும் கையெழுத்திலும் இருந்தால்தான் செல்லும், வாய்ப்பேச்சு செல்லாது. எத்தனை ஆண்டு என்று ஒப்பந்தத்தில் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும். எந்த நாடு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று கொள்ளப்படும். 2012இல் வந்த திருத்தம் இன்னும் முக்கியமானது. பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும் தங்களுக்குரிய ராயல்டிப் பங்கை விட்டுக்கொடுக்க முடியாதபடி அது காப்பாற்றுகிறது. அந்த ராயல்டியை வசூலித்துக் கொடுக்க ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் 1969 முதல் இருக்கிறது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் அதில் உறுப்பினர் ஆகலாம்.

நம்மில் பாடுகிறவர்கள் செய்ய வேண்டியவை

1. பாட்டு முடிந்த அன்றே ஒரு வெள்ளைத் தாளில் யார் வரி எழுதியது, யார் மெட்டு, யார் வாசித்தது, யார் பணம் போட்டது, யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். "நமக்குள்ள என்னடா கணக்கு" என்பார்கள். பாட்டு ஓடாதவரை நமக்குள்ளதான். ஓடிவிட்டால் நட்புக்கே வேட்டு!

2. விநியோகஸ்தரிடம் கணக்கு ஆரம்பிக்கும்போது உங்கள் பெயர், உங்கள் மெயில், உங்கள் வங்கிக் கணக்கு கொடுங்கள். "என் கணக்கிலேயே போட்டுத் தரேன்" என்பவர் நல்லவராகவே இருந்தாலும் வேண்டாம்.

3. ஐ.எஸ்.ஆர்.சி. எண்ணையும், பதிவின் மூல ஃபைல்களையும் இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துங்கள். வரியையும் மெட்டையும் உருவாக்கிய நாளிலேயே போனில் பாடித் தேதியோடு பதிந்து வையுங்கள்.

4. யாராவது ஒப்பந்தம் நீட்டினால் நாலு கேள்வி கேளுங்கள். மூன்று சொத்தில் எதைக் கேட்கிறார்கள்? எத்தனை ஆண்டுக்கு? எந்த நாடுகளுக்கு? கணக்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை காட்டுவார்கள்? பதில் தாளில் இல்லையென்றால் கையெழுத்து வேண்டாம்.

5. வரி எழுதுபவரோ மெட்டுப் போடுபவரோ ஆனால் ஐ.பி.ஆர்.எஸ்.ஸில் சேருவது பற்றி விசாரியுங்கள்.

6. கேட்டவர் எண்ணிக்கையைவிட, திரும்பி வருபவர் எத்தனை பேர் என்று பாருங்கள். கச்சேரி முடிந்ததும் விரும்புகிறவர்களின் பெயரையும் தொடர்பையும் ஒரு நோட்டில் வாங்கி வையுங்கள். அடுத்த பாட்டு வந்தால் முதலில் அவர்களுக்குச் சொல்லுங்கள். அந்த நோட்டில் ஐம்பது பேர் இருந்தால், போகிற போக்கில் கேட்ட ஐந்தாயிரம் பேரைவிட அவர்கள் பெரிசு.

பாடாத நமக்கும் ஒரு கடமை உண்டு. நமக்குப் பிடித்த சுயாதீனக் கலைஞரின் பாட்டை ஓசியில் இறக்கி க்ரூப்பில் அனுப்பாமல், அவர் போட்டிருக்கும் இடத்திலேயே கேட்போம். வருஷத்தில் ஒரு தடவையாவது ஒரு ஆல்பமோ, ஒரு பனியனோ, ஒரு டிக்கெட்டோ காசு கொடுத்து வாங்குவோம். வாசிப்பவரின் வீடியோ எடுத்தால் அவரைக் கேட்டுவிட்டு, அவர் பெயரையும் போடுவோம். இதற்குப் பெரிய பணம் ஒன்றும் தேவையில்லை.

எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடும் முன் தாளை முழுக்கப் படித்துப் பார்க்கக் கிடைத்த முதல் ஆள் நான்தான். அப்பாவின் செட்டில் பதினோரு பேர். சாமி புறப்பாட்டு மெட்டை ஒரு நல்ல மைக்கில் பதிவு செய்து, பதினோரு பேர் பெயரோடும் பங்கோடும் வெளியிட வேண்டும் என்று வேலையைத் தொடங்கியிருக்கிறேன். பங்குத் தாள் தயார். ஒன்பது பேர் கையெழுத்து ஆகிவிட்டது, இன்னும் இரண்டு பேர் வெளியூர் விசேஷத்துக்குப் போயிருக்கிறார்கள். மைக் ஸ்டாண்டு நம்ம துறை லேபில் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறேன். பாட்டு வந்ததும் நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிறேன். தோழர்கள் எல்லோரும் 30 வினாடியாவது கேட்க வேண்டும்!